.22 ரைஃபிளுக்கு ஒரு சைலன்சர்: வாங்குவது, வைத்துக்கொள்வது, பூச்சு போடுவது

டெக்சாஸில் இருக்கிறேன். வார இறுதியில் .22 ரைஃபிளோடு (குண்டு ஏறக்குறைய .22 அங்குலத் தடிமன் உள்ள சின்ன ரைஃபிள்) துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறவன். என் ரைஃபிளின் முனையில் இருக்கும் கறுப்புக் குழாயைப் பார்த்ததும் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் சொல்வது. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு சுத்தம் செய்வதும் பூச்சு போடுவதும் மட்டும்தான் பொருந்தும்.

சைலன்சர் என்றால் பைக்கில் இருப்பதுதானே?

சிரிக்காதீர்கள், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மெஷின் கன்னைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம், 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சின்களின் புகைக்குழாய் சத்தத்தை அடக்குவதிலும் அதே மனிதர் அதே யோசனையைப் பயன்படுத்தினார். வேகமாகப் பாயும் வாயுவை நேராக வெளியே விடாமல், அறை அறையாகச் சுழலவிட்டு, அழுத்தமும் சூடும் குறைந்த பிறகு அனுப்புவதுதான் அந்த யோசனை.

.22 சைலன்சர் பெரும்பாலும் ஓர் அங்குல விட்டமும் ஐந்தாறு அங்குல நீளமும் கொண்ட குழாய். உள்ளே கூம்பு போன்ற தடுப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு பேஃபிள் என்று பெயர். குண்டு நடுவிலுள்ள துளை வழியாக எதையும் தொடாமல் போய்விடும், வாயு மட்டும் மாட்டிக்கொள்ளும். சட்டப் புத்தகத்தில் இதன் பெயர் சைலன்சர், விற்பவர்கள் சொல்வது சப்ரெசர், ரேஞ்சில் எல்லோரும் சொல்வது ‘கேன்’.

சினிமாவில் வருவது மாதிரி சத்தமே கேட்காதா?

கேட்கும். .22 ரைஃபிளின் வெடிச் சத்தம் சுமார் 140 டெசிபல். திடீர் சத்தங்களால் காது கெடத் தொடங்குகிற எல்லையாக அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் வைத்திருப்பதும் அந்த 140-ஐத்தான். நல்ல கேன் மாட்டினால் 115, 120 பக்கம் இறங்கும். டெசிபல் கணக்கு மடங்குகளில் ஓடுவதால் இது பெரிய இறக்கம். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) மெதுவான தோட்டா போட்டுச் சுட்டால், வெடியைவிட அறுபது அடி தூரத்து இரும்புத் தகட்டில் குண்டு படும் ‘டிங்’தான் பெரிதாகக் கேட்கும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் போல்ட் பின்னால் ஓடித் திரும்பும் சடசடப்பு கூடவே வரும்.

முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உரக்கக் கேட்கும். குழாய்க்குள் இருக்கும் காற்றின் ஆக்சிஜனில் மிச்ச வெடிமருந்து எரிவதால் வருவது அது. கேன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எந்தத் தோட்டா போட வேண்டும்?

கேன் அடக்குவது வாயுவின் சத்தத்தை மட்டும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழிக்கும் ‘டப்’ சத்தம் வழியெல்லாம் வரும். அதை எந்தக் கேனும் தடுக்க முடியாது. ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பாருங்கள். சிசிஐ என்ற தோட்டா கம்பெனியின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி நொடிக்கு 1070 அடி. அதே கம்பெனியின் மினி-மேக் 1235 அடி. குவயட்-22 என்பது 710 அடி. அது போல்ட் ஆக்‌ஷனுக்குப் பொருத்தம், செமி ஆட்டோவை ஒழுங்காக ஓட்டாது.

அப்புறம், ஒலியின் வேகம் குளிரைப் பொறுத்து மாறும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறக்குறைய 1125 அடி, 0 டிகிரியில் 1087 அடி. எங்கள் ஊர் ஆகஸ்டு வெயிலில் 1160-ஐத் தாண்டும். கோடையில் பெட்டி பெட்டியாக அமைதியாகச் சுட்ட அதே 1070 அடித் தோட்டா, ஒரு ஜனவரிக் காலையில் பத்துக்கு இரண்டு ‘டப்’ போட்டது. சராசரி 1070 என்றால் சில குண்டுகள் அதைத் தாண்டித்தானே போகும். நான் மரை தளர்ந்துவிட்டதோ என்று மூன்று தடவை கழற்றி மாட்டினேன். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர்தான் “தெர்மாமீட்டரைப் பாருங்கள் தம்பி” என்கிற தொனியில் வானத்தைக் காட்டினார்.

யார் வாங்கலாம்? எச்-1பி விசாவில் இருக்கிறேன்.

தமிழர்கள் அதிகம் கேட்பது இதுதான். குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மற்ற தகுதிகள் இருந்தால் வாங்கலாம். கடையில் வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சட்டப்படி சைலன்சரும் துப்பாக்கிதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் ஒரு குழாய்க்காக விசாவைப் பணயம் வைக்க நான் யாரையும் சொல்ல மாட்டேன். வக்கீலிடம் கேளுங்கள், முடிந்தால் கிரீன் கார்டு வரும் வரை பொறுங்கள். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி கிடைக்கலாம், ஆனால் மத்திய அரசின் படிவம் அதை ஏற்றுக்கொள்வதில்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது தனிக் குற்றம்.

மாநிலமும் முக்கியம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு, டெலவேர், இல்லினாய், ஹவாய் ஆகிய எட்டில் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. மற்ற 42 மாநிலங்களில் முடியும். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவிலும் இருக்கும் நம்மவர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடலாம், அல்லது எங்கள் பக்கம் வீடு பார்க்கலாம்.

200 டாலர் வரி இன்னும் உண்டா?

சைலன்சருக்கு இல்லை. 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் 200 டாலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் கேனின் விலையைவிட வரி பல மடங்கு. யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகவே வைத்த தொகை. தொண்ணூறு வருடம் அது அசையவே இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆனது.

வரிதான் போனது, பதிவு போகவில்லை. விண்ணப்பம், விரல்ரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன. “இனிமேல் சும்மா வாங்கிக்கொள்ளலாமாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி யாரும் உள்ளே போய்விடாதீர்கள்.

நடைமுறை எப்படி?

இதற்கான தனி உரிமம் உள்ள கடையில் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுவீர்கள். பொருள் கைக்கு வராது, கடையின் லாக்கரிலேயே இருக்கும். படிவம் 4-ஐக் கடைக்காரர் இணையத்தில் நிரப்புவார். நீங்கள் விரல்ரேகையும் பாஸ்போர்ட் அளவுப் படமும் கொடுப்பீர்கள். ஊர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல் போகும். 2016-இலிருந்து அது வெறும் தகவல்தான், அவர்கள் அனுமதி வேண்டியதில்லை. ஏ.டி.எஃப். எனப்படும் மத்தியத் துறை ஒப்புதல் அளித்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம்.

காகிதத்தில் அனுப்பிய காலத்தில் ஒரு பிள்ளை பிறக்கும் அளவுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. இணைய விண்ணப்பம் சீரானபின் சில நாட்களிலேயே வந்ததும் உண்டு. ஒப்புதல் தாளின் நகல் ஒன்றைத் துப்பாக்கிப் பெட்டியிலும் இன்னொன்றைப் போனிலும் வைத்திருங்கள்.

என் பெயரில் வாங்குவதா, டிரஸ்ட் பெயரிலா?

உங்கள் பெயரில் மட்டும் இருந்தால், நீங்கள் அருகில் இருக்கும்போது நண்பரோ மனைவியோ சுடலாம். நீங்கள் இல்லாதபோது அவர்கள் எடுத்துச் செல்ல முடியாது. ஏன், பெட்டகத்தின் எண் மனைவிக்குத் தெரிந்திருந்தாலே அது அவர் வசம் இருப்பதாக ஒருவர் வாதிடலாம். நம் வீடுகளில் பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அதனால் குடும்பஸ்தர்களுக்குப் பலர் சேர்ந்து வைத்துக்கொள்ளும் சட்ட ஏற்பாடான டிரஸ்ட் நல்லது. பொறுப்பாளர்களாகச் சேரும் ஒவ்வொருவரும் ரேகையும் படமும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தனிப் பெயரில் வாங்கி, இப்போது பெட்டக எண்ணை மாற்றிவிட்டு, ஏன் மாற்றினாய் என்ற கேள்விக்கு வாரம் ஒரு தடவை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானே செய்துகொள்ளலாமா? ‘சால்வென்ட் டிராப்’ என்று ஒன்று விற்கிறார்களே?

முதலில் சொந்தமாகச் செய்ய அனுமதி கேட்கும் படிவம் 1 போட்டு ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் எதையும் தொடலாம். அதற்கு முன் செய்தால் பதிவில்லாத சைலன்சர், பத்து வருடம் வரை சிறை. துப்பாக்கி கழுவும் எண்ணெயைப் பிடிக்கும் பாத்திரம் என்ற பெயரில் விற்கும் பல கிட்டுகளை ஏ.டி.எஃப். ஏற்கெனவே சைலன்சர்களாகவே பார்க்கிறது. 2022-இல் அந்தக் கிட்டுகளை வைத்துப் போட்ட படிவம் 1 விண்ணப்பங்கள் கூட்டமாக நிராகரிக்கப்பட்டன. செய்முறை பற்றி இங்கே எழுதப் போவதில்லை. .22 கேன் கடையில் ஒழுங்காகக் கிடைக்கும்போது அந்தப் பக்கம் போவதில் லாபமும் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: உதிரி பேஃபிள்கூட சட்டப்படி ஒரு சைலன்சர்தான். ஒன்று அடிபட்டால் நீங்களாக மாற்று வாங்கிப் போட முடியாது, தயாரித்த கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

ரைஃபிளில் மாட்டும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பேரல் முனையில் மரை இருக்க வேண்டும். .22-க்குப் பொதுவான அளவு அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை. மரைக்குப் பின்னாலுள்ள தோள் பேரலுக்குச் செங்குத்தாக, சுத்தமாக இருக்க வேண்டும். நசுங்கும் வாஷர் போடாதீர்கள், அது ஒரு பக்கமாக நசுங்கிக் கேனைச் சாய்க்கும். முதல் தடவை மாட்டியதும் நேர்கோட்டுச் சோதனைக் கம்பியைப் பேரலில் விட்டுப் பாருங்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான். கேனின் வாயில் கம்பி நட்டநடுவில் தெரிய வேண்டும். ஒரு பக்கமாக ஒட்டினால் சுடாதீர்கள். குண்டு பேஃபிளில் உரசும், கேன் போய்விடும்.

தோட்டா மேகசின் மாற்றும்போதெல்லாம் கையால் ஒரு திருகு. .22-இன் அதிர்வில் மரை மெல்லத் தளரும்.

எத்தனை குண்டுக்கு ஒரு தடவை சுத்தம் செய்வது?

300 முதல் 500-க்குள். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

பெரிய ரைஃபிள் குண்டுகளுக்குச் செம்பு உறை உண்டு. .22-இல் பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகு. ஒவ்வொரு சூட்டிலும் ஈயத் தூளும் மெழுகும் கரியும் சேர்ந்து பேஃபிள்களில் படியும். முதல் கேனை வாங்கிய உற்சாகத்தில் 900 தோட்டா சுட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். மூடி வந்தது. உள்ளே இருந்தவை வரவில்லை. மரக் குச்சியை வைத்துத் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம். கடைசியில் ஆறு பேஃபிள்களும் ஒன்றோடொன்று ஒட்டி, சாம்பல் நிற உளுந்துவடைக் கோர்வை மாதிரி வெளியே விழுந்தன. சில்லுச் சில்லாக உதிர்ந்த ஈயத்தைத் துடைத்துத் தராசில் வைத்தேன். கேன் வாங்கியபோது இருந்ததைவிட எடை ஏறியிருந்ததற்குக் காரணம் தெரிந்தது. இப்போது தபால் தராசு ஒன்று பட்டறையில் நிரந்தரமாக இருக்கிறது. புதிதாக இருந்தபோது கேன் எத்தனை கிராம் என்று பெட்டியின் மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். எடை கூடினால் திறக்கிறேன்.

பிரித்துக் கழுவக்கூடிய கேனையே .22-க்கு வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்தை நான் கேட்பதில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

பேஃபிள்களை வெளியே எடுக்கும்போதே வரிசையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகும் டைட்டானியமும் முரட்டுத்தனத்தைத் தாங்கும். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் உருட்டும் டம்ளர் இயந்திரம் அவற்றுக்குச் சரி. அலுமினியம் தாங்காது. அதற்கு கரைப்பானில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் பிரஷ்தான். அல்ட்ராசோனிக் தொட்டியில் காரத்தன்மையுள்ள திரவம் ஊற்றினால் அலுமினியத்தின் கறுப்புப் பூச்சு அரித்துப் போகும்.

இணையத்தில் வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊறவைக்கச் சொல்வார்கள். ஈயம் பளிச்சென்று கரையும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். கரைந்து கிடைப்பது ஈய அசிடேட். அந்தத் திரவம் கடுமையான விஷம், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். செய்யாதீர்கள்.

எந்த வழியாக இருந்தாலும் கையுறை, முகமூடி, காற்றோட்டம் வேண்டும். சமையலறை சிங்க் வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஈயக் கழிவைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து, ஊராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். திரும்பக் கோர்க்கும்போது பேஃபிள்களின் வெளி விளிம்பில் விரல் நுனியளவு சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அடுத்த தடவை மரக்குச்சி தேவைப்படாது.

பூச்சு மங்கிவிட்டது. மறுபடி போடலாமா?

தாராளமாக. உங்கள் கேனுக்கு நிறம் மாற்ற யாரிடமும் அனுமதி வேண்டாம். வரிசை எண், தயாரிப்பாளர் பெயர், மாடல், காலிபர் (குண்டின் அளவு) ஆகிய பொறிப்புகள் மட்டும் தெளிவாகப் படிக்க முடிய வேண்டும். எண் அழிந்த கேனை வைத்திருப்பது குற்றம், தெரியாமல் அழித்தேன் என்று வாதாடிப் பார்க்கிற ஆசை யாருக்கும் வேண்டாம்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பூச்சுக்குக் கொடுத்த கடையில் எண்ணின் மேல் டேப் ஒட்டாமலே மணலைப் பீய்ச்சி அடித்துவிட்டார்கள். லேசரில் லேசாகப் பொறித்த எண். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் 3-ஆ 8-ஆ என்று தெரிந்தது. சட்டம் தயாரிப்பாளரிடம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு. செராகோட் என்ற பீங்கான் கலந்த துப்பாக்கிப் பெயிண்டின் ஒரு பூச்சின் தடிமன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு நிறம், மேலே ஒரு தெளிவான பூச்சு என்று போட்டால் எழுத்து எங்கே இருக்கும்? கொடுக்கும் முன் எண்ணைப் படம் எடுங்கள், டேப் ஒட்டச் சொல்லி எழுதியே கொடுங்கள். கேனைக் கடையில் விட்டுவிட்டு வருவதானால் துப்பாக்கி உரிமம் உள்ள கடையாக இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவது சட்டவிரோதக் கைமாற்றம் ஆகிவிடும்.

எந்தப் பூச்சு நல்லது?

உலோகத்தைக் கேட்டுவிட்டுத்தான் பூச்சைக் கேட்க வேண்டும்.

பழைய ரைஃபிள் பேரல்களின் நீலக் கறுப்பு, கொதிக்கும் கார உப்பில் முக்கி எடுப்பது. சாதாரண எஃகுக்கு அருமை. அலுமினியக் குழாயை அதில் போட்டால் கறுக்காது, கரையும். டைட்டானியத்தில் பிடிக்காது.

அலுமினியத்துக்குத் தொழிற்சாலையிலேயே கடின ஆனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பைக் கெட்டியாக்குவது) செய்திருப்பார்கள். உறுதியானது, ஆனால் கறுப்புச் சாயம் வெயிலிலும் கார சோப்பிலும் வெளிறி ஒருவிதக் கத்திரிப்பூ நிறத்துக்கு வரும். என்னுடையது அப்படித்தான் ஆனது.

செராகோட்டின் எச் வரிசை .22-க்குப் போதும். கிரீஸ் நீக்கி, அலுமினியம் ஆக்சைடு மணல் அடித்து, தெளித்து, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் சுடுவது. சி வரிசை காற்றிலேயே காய்வது, கடும் சூட்டைத் தாங்குவது, பெரிய காலிபர் கேன்களுக்கு உரியது. .22 கேன் அந்த அளவுக்குச் சூடாவதில்லை. மலிவாக முடிக்கப் பவுடர் கோட்டிங் கேட்காதீர்கள். அதைச் சுடுவது 400 டிகிரி அளவில். 7075 ரக அலுமினியத்தின் வலிமை அந்தச் சூட்டில் தளர்ந்துவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே பலம் போயிருக்கும்.

எதைப் போட்டாலும் வெளிக் குழாய்க்கு மட்டும். மரையிலும் தோள் உட்காரும் முகத்திலும் பேஃபிளிலும் ஒரு துளி படக் கூடாது. மரையில் பூச்சு ஏறினால் கேன் நேராக உட்காராது, மேலே சொன்ன கம்பிச் சோதனையில் தெரியும். பூச்சுக்குப் பிறகு அந்தச் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். பூச்சை வீட்டிலேயே சூட்டில் இறுக்குவதானால் சமையலுக்குப் பயன்படும் ஓவன் வேண்டாம், அதற்கென்று பழைய டோஸ்டர் ஓவன் ஒன்று வாங்கி கராஜில் வையுங்கள். பழைய கேனில் ஈயம் மிச்சம் இருக்கும்.

வீடு மாற்றும்போது?

அனுமதிக்கும் மாநிலத்துக்குப் போகிறீர்கள் என்றால் சைலன்சருக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. வழியில் இருக்கும் மாநிலங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் போனபின் யாருக்கு?

வாரிசுக்கு வரியில்லாமல் படிவம் 5 வழியாக மாற்றலாம். மனைவி மக்களுக்கு இப்படி ஒன்று வீட்டில் இருப்பதும் அதன் தாள் எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது மாமாவுக்குக் காட்ட எடுத்துப் போகலாமா?

கூடாது. அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும், இந்தியாவில் இறங்கினால் ஆயுதச் சட்டம். கேன் பெரியது, யாரும் மறந்து எடுத்துப்போக மாட்டார்கள். பயப்பட வேண்டியது .22 தோட்டாவுக்குத்தான். சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லாத பொருள், பையின் தையல் மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். மறந்துபோன ஒற்றைத் தோட்டா விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்து வழக்கில் மாட்டியவர்கள் இந்தியாவில் நிறைய. ரேஞ்சுக்குப் போகும் பை ரேஞ்சுக்கு மட்டும். ஊருக்கு வேறு பை எடுங்கள்.